துப்பாக்கி உரிமச் சேவை: ஐந்து நாடுகளைப் பற்றிய மதிப்புரை

துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமையா, அரசு தரும் அனுமதியா என்ற வாதம் எழும்போதெல்லாம், அமெரிக்காவை ஒருபுறமும் ஜப்பானை மறுபுறமும் நிறுத்தி, எது சுதந்திர நாடு, எது பாதுகாப்பான நாடு என்று கேட்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அரசமைப்புச் சட்டங்களின் பெரிய வாக்கியங்களை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் அதற்குமேல் போக வழியில்லை. ஒரு நாடு தன் குடிமக்களின் சுதந்திரத்தை எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிய, துப்பாக்கி வேண்டுமென்று ஒருவர் விண்ணப்பத்தோடு வந்து நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகத்தை மதிப்பிடுவதைப் போலவே இந்த இடத்தையும் ஒரு பொதுச் சேவையாக மதிப்பிடலாம். அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஜப்பான், கனடா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் உரிமச் சேவையை, அவற்றின் சட்டங்கள், விண்ணப்பப் படிவங்கள், வழிகாட்டிகள், தீர்ப்புகள் ஆகியவற்றைப் படித்த அளவில் இங்கே மதிப்பிடுகிறேன்.

மற்றச் சேவைகளிலிருந்து இது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. இங்கே பயனாளர்கள் இரண்டு பேர். ஒருவர் விண்ணப்பிப்பவர், விதி என்ன, எத்தனை நாளில் முடிவு கிடைக்கும், மறுத்தால் ஏன் மறுத்தார்கள், யாரிடம் முறையிடுவது என்பவற்றை அறியும் உரிமை அவருக்கு உண்டு. மற்றொருவர் அந்த அலுவலகத்துக்கு ஒருநாளும் வராதவர். துப்பாக்கி போய்ச் சேரும் வீட்டில் இருக்கும் மனைவி, அதே தெருவில் வசிப்பவர், பள்ளிக்குப் போகும் குழந்தை. அச்சமின்றி நடமாடுவதும் தனிமனிதச் சுதந்திரம்தான் என்பதால், இந்த இரண்டாமவரை எந்தச் சேவை கணக்கில் கொள்கிறது, எது கொள்வதில்லை என்பதையே என் முதன்மையான அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

வேகத்தைப் பொறுத்தவரை அமெரிக்கச் சேவைக்கு நிகர் இல்லை. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் 4473 என்ற எண்ணுடைய படிவத்தை நிரப்ப வேண்டும். கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரா, போதைப்பொருள் பயன்படுத்துபவரா, நீதிமன்ற ஆணையால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரா, குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவரா என்று அது கேட்கிறது. பொய் சொன்னால் அதுவே குற்றம். கடைக்காரர் அந்த விவரங்களை எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிப் பின்னணிச் சோதனை அமைப்புக்கு அனுப்புகிறார். 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டத்தின்படி உருவாகி, 1998 நவம்பர் 30 முதல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகரிலிருந்து இயங்கும் இந்த அமைப்பு, பெரும்பாலான விண்ணப்பங்களுக்குச் சில நிமிடங்களில் பதில் தந்துவிடுகிறது. கூட்டாட்சி அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். அனுமதிக்கப்பட்டவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பதும் விதி. விண்ணப்பதாரரை மட்டும் வைத்துப் பார்த்தால், இவ்வளவு மரியாதையான அரசுச் சேவை உலகில் அரிது.

அந்த மரியாதைக்கு அடிப்படை, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும், அமெரிக்க அரசமைப்பின் 1791ஆம் ஆண்டு இரண்டாம் திருத்தம். அது படைதிரளும் உரிமையைக் குறிக்கிறதா, தனிமனித உரிமையைக் குறிக்கிறதா என்ற நெடுங்கால வழக்குக்கு 2008ஆம் ஆண்டின் ஹெல்லர் தீர்ப்பு விடை சொன்னது. தன் வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்சநீதிமன்றம் கூறியது; 2022ஆம் ஆண்டின் புருயென் தீர்ப்பு அந்த உரிமையை வீட்டுக்கு வெளியேயும் நீட்டித்தது. இப்போது பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்வதற்குக்கூட உரிமம் தேவையில்லை. ஆயினும் ஹெல்லர் தீர்ப்பே இந்த உரிமை வரம்பற்றதல்ல என்று தெளிவாகச் சொல்கிறது என்பதையும், குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உட்பட்டவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று 2024ஆம் ஆண்டு ரஹிமி வழக்கில் எட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் அங்கே துப்பாக்கி உரிமையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பேச மறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சேவை சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்று வேலை நாட்களுக்குள் எஃப்.பி.ஐ. முடிவு சொல்லாவிட்டால், கடைக்காரர் துப்பாக்கியை விற்றுவிடலாம் என்பது சட்டம். அரசின் தாமதத்தால் குடிமகனின் உரிமை முடங்கக்கூடாது என்ற நோக்கம் நல்லதே. ஆனால் 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த ஒன்பது கறுப்பினத்தவரைக் கொன்றவர், இந்த மூன்று நாள் இடைவெளியில்தான் துப்பாக்கியைப் பெற்றிருந்தார். அவர் வாங்கியிருக்கவே கூடாது என்று எஃப்.பி.ஐ. இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமி பின்னர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். அலுவலகம் அமைதியாக இருந்தால் விண்ணப்பதாரருக்குச் சாதகம் என்ற விதி, அலுவலகத்துக்கு வராத அந்த ஒன்பது பேரை எங்கும் கணக்கில் சேர்க்கவில்லை. 2022இல் கொண்டுவந்த சட்டம், 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் இந்த அவகாசத்தைப் பத்து வேலை நாட்கள் வரை நீட்டிக்க வழி செய்திருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை, சோதனை அமைப்பு தன்னிடம் வந்து சேர்ந்த பதிவுகளை மட்டுமே பார்க்க முடியும் என்பது. 2007ஆம் ஆண்டு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவரைப் பற்றி, அவர் தமக்கே ஆபத்தானவர் என்று நீதிமன்றம் ஏற்கெனவே முடிவு செய்து சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. வெளிநோயாளராகச் சிகிச்சை பெறச் சொன்னதால் மாநில அரசு அந்தத் தகவலை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவில்லை, அவர் சோதனையில் தேறினார். கொல்லப்பட்டவர்களில் தமிழ்நாட்டில் பிறந்து அங்கே நீரியல் கற்பித்துவந்த பேராசிரியர் ஒருவரும் இருந்தார். 2017இல் டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் நடந்ததும் இதே வகைப் பிழைதான்: கொலையாளி விமானப்படையில் இருந்தபோது குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தும், அந்தத் தகவலை விமானப்படை சோதனை அமைப்புக்குத் தெரிவிக்கவில்லை.

இவற்றோடு, ஒரே மாநிலத்தில் வசிக்கும் தனிநபர்கள் தமக்குள் விற்றுக்கொள்ளும் துப்பாக்கிகளுக்குக் கூட்டாட்சிச் சட்டம் சோதனையையே கேட்பதில்லை. சில மாநிலங்கள் தம் அளவில் கேட்கின்றன. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்பதை மார்ட்டின்ஸ்பர்க் நகரிலுள்ள அரசின் துப்பாக்கித் தடமறியும் மையம், உற்பத்தியாளரிடமும் கடைக்காரரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டும், மூடப்பட்ட கடைகளின் பழைய படிவங்களைப் புரட்டியும் கண்டுபிடிக்கிறது. பதிவேடு இருந்தால் ஒருநாள் அரசு அதைக்கொண்டு எல்லோருடைய துப்பாக்கியையும் பறித்துவிடும் என்ற அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. அரசை நம்பாத மரபு அந்த நாட்டின் பிறப்போடு வந்தது. ஆனால் 2021ஆம் ஆண்டில் மட்டும் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது 26,328 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள். துப்பாக்கி பற்றிய விவாதங்களில் கொலைகளே பேசப்படுவதால் இந்த இரண்டாவது எண் கண்ணில் படுவதில்லை. சில நிமிடங்களில் முடியும் சோதனை, இன்றைய மனச்சோர்வில் இன்றே துப்பாக்கி வாங்க வருபவரைத் தடுத்து நிறுத்தி யோசிக்க வைப்பதில்லை. இந்த வேகத்தைச் சேவையின் சிறப்பு என்று முழுமனத்தோடு சொல்ல என்னால் முடியாததற்கு இதுவே காரணம்.

சுவிட்சர்லாந்தைப் பற்றி இரு தரப்பாரும் தமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தும் அமைதியாக இருக்கும் நாடு என்பது ஒரு கதை. அங்கே எல்லாம் இராணுவக் கட்டுப்பாடு என்பது மற்றொரு கதை. உண்மையில் 1999 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள அவர்களுடைய ஆயுதச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் ஆயுதம் வாங்கும், வைத்திருக்கும், எடுத்துச் செல்லும் உரிமை உறுதிசெய்யப்படுகிறது என்று கூறுகிறது. உரிமையும் வரம்பும் ஒரே வாக்கியத்தில் இருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். மாநில அளவிலான கன்டோன் காவல்துறையிடம் விண்ணப்பித்தால், 18 வயது நிறைந்தவராகவும், தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று கருத இடமில்லாதவராகவும், வன்முறைக் குற்றப் பதிவு இல்லாதவராகவும் இருக்கும் எவருக்கும் வாங்கும் அனுமதி கிடைக்கும். அது ஆறு மாதம் செல்லும். மறுப்பதற்கான காரணங்கள் சட்டத்திலேயே இருப்பதால், அதிகாரியின் மனநிலைக்கு இடம் குறைவு. ஆனால் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தெருவில் நடமாட வேறோர் உரிமம் வேண்டும். உண்மையான ஆபத்து இருப்பதைக் காட்டி, தேர்வும் எழுதித் தேற வேண்டும். வீட்டில் வைத்திருப்பதையும் ஊரில் சுமந்து திரிவதையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்ப்பது, வராத பயனாளருக்கு இந்தச் சேவை காட்டும் மதிப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த விதிகளைச் சுவிஸ் மக்கள் தாமே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். 2001இல் ட்சூக் கன்டோனின் சட்டமன்றத்துக்குள் ஒருவர் சுட்டதில் 14 பேர் இறந்த பிறகும், தேசியப் பதிவேடு கோரிய முன்மொழிவை 2011 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் 56 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள்; 2019 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான விதிகளை ஏற்பதா என்று கேட்டபோது ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் ஏற்றார்கள். படைப்பணியில் உள்ளவர்கள் இராணுவத் துப்பாக்கிகளைத் தம் வீட்டிலேயே வைத்திருப்பதற்கும் ஒரு விலை இருந்தது. 2003இல் படையின் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டு, வீடுகளில் இருந்த துப்பாக்கிகளும் குறைந்த பின்னர், படைவயதிலிருந்த ஆண்களிடையே துப்பாக்கித் தற்கொலைகள் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் தரப்பட்டிருந்த இராணுவத் தோட்டாக்களை 2007இல் திரும்பப் பெறும் முடிவும் எடுக்கப்பட்டது.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் உறுத்தும் ஒன்று, தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. சுவிஸ் ஆயுத விதிகள், குறிப்பிட்ட சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் பொதுவாகத் தடை செய்கின்றன. செர்பியா, கொசோவோ, துருக்கி, அல்பேனியா போன்றவற்றோடு அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. போரிலிருந்து தப்பி வந்து, பல ஆண்டுகளாக அங்கே உழைத்து வரி செலுத்தி, எந்தக் குற்றமும் செய்யாமல் வாழும் ஈழத்தமிழர் ஒருவர் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருந்தால், வேட்டைக்கும் விளையாட்டுக்கும் உள்ள விதிவிலக்குகளைத் தவிர, அவருக்கு இந்தச் சேவையின் கதவு மூடியிருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பதாரரையும் தனித்தனியே அவருடைய நடத்தையை வைத்து எடைபோடும் சட்டம், இங்கு மட்டும் குடியுரிமையை வைத்து எடைபோடுகிறது. அவர்களில் துப்பாக்கி வாங்க விரும்புவோர் மிகச் சிலராகவே இருக்கலாம். ஆனாலும் தனிமனிதச் சுதந்திரம் என்று பேசும் ஒரு சட்டத்தில் இந்தப் பட்டியல் இருக்கக்கூடாது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஜப்பானின் 1958ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கியோ வாளோ எவரும் வைத்திருக்கக்கூடாது என்ற தடையோடு தொடங்கி, பிறகே விதிவிலக்குகளைச் சொல்கிறது. போட்டிகளில் சுடும் மிகச் சில வீரர்களைத் தவிர, பொதுமக்களுக்குக் கைத்துப்பாக்கி கிடையாது. வேட்டைக்கோ குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கோ வேண்டுபவர், காவல்துறை நடத்தும் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். மருத்துவரிடம் மனநலச் சான்று பெற வேண்டும். சுடுதளத்தில் பயிற்சி பெற்றுச் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். இதற்கிடையே காவல்துறையினர் குடும்பத்தாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் வேலை செய்யும் இடத்திலும் விசாரிப்பார்கள். துப்பாக்கிக்கு ஒரு பெட்டகமும் தோட்டாவுக்கு வேறொன்றும் வீட்டில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் பரிசோதனை, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், ரைபிள் வேண்டுமானால் பத்தாண்டுகள் வேட்டைத்துப்பாக்கி வைத்திருந்த அனுபவம் எனத் தொடர்கிறது. கடினமாக இருந்தாலும் படிகள் வரிசையாக வெளிப்படையாக இருக்கின்றன, விதிப்படி நடப்பவர் இறுதியில் உரிமம் பெறுகிறார்.

அண்மைக் காலத்தின் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நாட்டில் துப்பாக்கியால் கொல்லப்படுவோர் பத்துப் பேருக்குள்தான் இருக்கிறார்கள். 2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டது, வீட்டிலேயே செய்யப்பட்ட துப்பாக்கியால். கடையிலும் கள்ளச்சந்தையிலும் கிடைக்காததால் கொலையாளி குழாயையும் மரப்பலகையையும் சேர்த்துத் தானே செய்ய வேண்டியிருந்தது என்பதை, சட்டம் தோற்றதற்குச் சான்றாகச் சிலர் காட்டினார்கள். அதே செய்தி சட்டம் எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதையும் காட்டுகிறது. மறுபுறம், 2023 மே மாதம் நாகானோ மாவட்டத்தில் இரு பெண்களையும் இரு காவலர்களையும் கொன்றவர், முறையான உரிமம் பெற்றவர். அத்தனை படிகளையும் தாண்டி வந்த ஒருவரும் பின்னாளில் மாறக்கூடும் என்பதற்கு எந்த நாட்டின் அலுவலகமும் முழு விடை கண்டுவிடவில்லை.

ஜப்பானியச் சேவையில் விண்ணப்பதாரரின் கதியை ஒரு வழக்கு நன்றாகக் காட்டுகிறது. ஹொக்கைடோவின் சுனாகவா நகரில் 2018ஆம் ஆண்டு, நகராட்சி கேட்டுக்கொண்டதன்பேரில் ஊருக்குள் வந்த கரடியைச் சுட்ட மூத்த வேட்டைக்காரர் ஒருவரின் உரிமத்தை, வீடுகள் இருக்கும் திசையில் சுட்டார் என்று கூறி அடுத்த ஆண்டு ரத்து செய்தார்கள். 2021இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024இல் உயர்நீதிமன்றம் அதை மாற்றிக் காவல்துறையின் முடிவை ஏற்றது. அரசு அழைத்து, அரசுக்காகச் சுட்டவரே ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்றால், சாதாரண விண்ணப்பதாரர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தே நடந்துகொள்வார். அண்டை வீட்டாரிடம் போய் ஒருவரைப் பற்றி விசாரிப்பது, வராத பயனாளரையும் கேட்கும் நல்ல வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த விசாரணையில் யார் என்ன சொன்னார்கள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாமலே அவர் மறுக்கப்படலாம் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆஸ்திரேலியாவைத் தனியாக மதிப்பிடாவிட்டாலும் ஒன்றை மட்டும் குறிப்பிட்டே ஆக வேண்டும். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, ஜான் ஹோவர்ட் அரசு பன்னிரண்டு நாட்களில் மாநிலங்களை ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்து, தற்காப்பு என்பதைத் துப்பாக்கி வாங்கும் காரணமாக ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. அதேவேளை, குடிமக்களின் உடைமையை அரசு எடுத்துக்கொண்டால் நியாயமான ஈடு தர வேண்டும் என்று அவர்களின் அரசமைப்பு கூறுவதால், வரியைச் சிறிது உயர்த்திப் பணம் திரட்டி, ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கியது. பறிக்கும்போதும் உரிமையாளரை மதிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது கனடாவின் சேவை. நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிரமிஷி நகரில் உள்ள மையத்துக்குப் போகும் விண்ணப்பத்தில், பாதுகாப்புப் பயிற்சியில் தேறிய சான்றும் இருவரின் பரிந்துரையும் இருக்க வேண்டும். அதோடு, தற்போதைய துணைவரும் கடந்த இரண்டாண்டுகளுக்குள் பிரிந்து சென்ற துணைவரும் கையெழுத்திட வேண்டும். அவர்கள் கையெழுத்திட மறுத்தால் விண்ணப்பம் தானாகத் தள்ளுபடி ஆவதில்லை, ஆனால் இவர் துப்பாக்கி வாங்கப் போகிறார் என்ற செய்தி அவர்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது. இந்த ஒரே ஏற்பாடு, நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாம் பயனாளரைச் சேவைக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ஒரு துப்பாக்கி வீட்டுக்குள் வந்தால் முதலில் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர் அந்த வீட்டின் பெண்ணே என்பதை உணர்ந்து எழுதப்பட்ட படிவம் இது. 1989 டிசம்பரில் மொன்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் பெண்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டதும், அதன்பின் நடந்த நீண்ட இயக்கமும், 1995ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லாமல் இப்படி ஒரு படிவம் வந்திருக்காது.

முதல்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் அது அவமதிப்பாகத் தோன்றுவதில்லை. உரிமம் ஐந்தாண்டு செல்லும், ஆனால் உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் காவல்துறைப் பதிவுகளோடு நாள்தோறும் ஒப்பிடப்படுகின்றன. நாகானோ நிகழ்வு எழுப்பும் கேள்விக்கு, அரைகுறையாக என்றாலும், கிடைத்திருக்கும் விடை இதுதான்.

இந்தச் சேவையிலும் அண்மைக் காலத்தில் விரிசல் விழுந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்ட பிறகு, சுமார் 1,500 வகைத் துப்பாக்கிகள் ஒரே நாளில் தடை செய்யப்பட்டன. கொலையாளியிடம் உரிமமே இல்லை, அவருடைய ஆயுதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. விதிப்படி வாங்கி வைத்திருந்தவர்களுக்குத் தருவதாகச் சொன்ன இழப்பீடு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரான, இலங்கையில் பிறந்த தமிழரான கேரி ஆனந்தசங்கரியிடம் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தபோதும் வேலை முடிந்திருக்கவில்லை. ஆஸ்திரேலியா ஓராண்டை ஒட்டிய காலத்தில் செய்து முடித்ததைக் கனடா இப்படி நீட்டியது, விதியை மதித்து நடந்தவர்களின் நம்பிக்கையைத்தான் குறைக்கிறது.

இந்தியாவின் சேவையை மதிப்பிட, அதன் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றும் ஐரோப்பியர்களுக்கு அது வேண்டியதில்லை என்றும் வகுத்தது. அதே ஆண்டில், அதே வைஸ்ராய்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். ஆகவே 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், அடிப்படை உரிமைகளின் பட்டியலில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்ததில் வியப்பில்லை. 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கோரியபோது, வழக்கமான குற்றவாளிகளும் அதே உரிமையைக் கோரி வருவார்களே என்று சொல்லி அம்பேத்கர் மறுத்தார். எனக்கு அம்பேத்கரின் பக்கமே சரியாகப் படுகிறது. சாதி ஆதிக்கம் கோலோச்சும் ஊர்களில், ஆயுதம் வாங்கும் உரிமை எல்லோருக்கும் என்று எழுதினால் யார் கையில் முதலில் ஆயுதம் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய அரசமைப்பில் அமெரிக்காவைப் போன்ற உரிமை இல்லை என்பதை 2023 பிப்ரவரியிலும் உச்சநீதிமன்றம் நினைவூட்டியது.

ஆனால் அடிப்படை உரிமை இல்லை என்பதால் விண்ணப்பதாரருக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஆகிவிடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் படித்தால் அது எவ்வளவு கவனமாக எழுதப்பட்டது என்பது புரியும். குறைந்தது இருபது அங்குலக் குழலுடைய வேட்டைத்துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் குடிமகனுக்கும், பயிர்க்காவலுக்காக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் விவசாயிக்கும், தகுதிக்குறை எதுவும் இல்லாவிட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. ரிவால்வர் போன்ற மற்றவற்றுக்குத்தான் தக்க காரணம் காட்ட வேண்டும். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகள் பயிற்சிச் சான்றையும் மருத்துவச் சான்றையும் கேட்கின்றன, காவல்துறை அறிக்கைக்கும் உரிம அதிகாரியின் முடிவுக்கும் கால வரம்பு வைக்கின்றன. உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடுவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

காகிதத்தில் இது சுவிஸ் சட்டத்துக்குச் சளைத்ததல்ல. நடைமுறையில் மாவட்டங்களில் ஆட்சியரும் சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரும் எடுக்கும் முடிவு, உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து வரும் அறிக்கையைச் சார்ந்திருக்கிறது. உயிருக்கு அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி அறிக்கையே பல விண்ணப்பங்களுக்கு முடிவு கட்டிவிடுகிறது. செல்வாக்கு உள்ளவருக்கு அச்சுறுத்தலைக் காட்டுவது எளிது; ஒதுக்குப்புறமான வீட்டில் வாழும் பெண்ணுக்கும், ஊர் ஆதிக்கத்தை எதிர்த்து நிற்கும் தலித் குடும்பத்துக்கும் எளிதல்ல. சொத்தைக் காரணம் காட்டக்கூடாது என்ற சட்டத்தின் நல்லெண்ணம் இங்கே வேறு வழியாகத் தோற்றுப்போகிறது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் வழக்கமோ, விதியை மதிப்பவர் மீதே மேலும் ஒரு சுமையை ஏற்றுகிறது. நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளால் நடக்கின்றன என்பதால், வராத பயனாளரும் இந்தச் சேவையால் முழுப் பாதுகாப்பைப் பெறுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு அருகிலேயே, இந்தச் சேவைக்கு வெளியே ஒரு மாவட்டம் இருக்கிறது. கர்நாடகத்தின் குடகில் வாழும் கொடவர்களுக்கும், ஜம்மா எனப்படும் பரம்பரை மானிய நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. கைல்போள் திருநாளில் துப்பாக்கியைப் பூவால் அலங்கரித்து வணங்குகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடியும் இறப்பு நேர்ந்தால் இரண்டு வெடியும் சுடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. ஒரு சமூகத்துக்கு மட்டும் இந்தச் சலுகை சமத்துவத்துக்கு முரணானது என்று தொடுத்த வழக்கை 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சுவிஸ் பட்டியலை, நடத்தையை விட்டுக் குடியுரிமையை வைத்து எடைபோடுகிறது என்று குறை சொன்ன நான், இங்கும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும்: மரபு எவ்வளவு அழகாக இருந்தாலும், பிறப்பை வைத்துத் தரப்படும் விலக்கை விட, குடகில் வாழும் எவரும் பயிற்சி பெற்று, தெளிவான விதிப்படி பெறக்கூடிய உரிமமே நேர்மையானது. இப்போதைய விலக்கு 2029 அக்டோபர் வரை செல்லும். அதைப் புதுப்பிக்கும் முன் ஒன்றிய உள்துறை அமைச்சகம், நாடு முழுவதற்கும் உரிய உரிமப் படிவத்தில் கனடாவைப் போலத் துணைவரின் கையெழுத்துக்கு ஓர் இடம் ஒதுக்குவதையும், கால வரம்புக்குள் முடிவு சொல்லாத ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணத்தை எழுத்தில் தெரிவிப்பதையும் கட்டாயமாக்கினால், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்த சேவை நமக்குக் கிடைக்கும்.